குமிழுக்குள் என்ன இருக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளும் கேஸ் அடுப்பு இருக்கும் வீடுகளும் கடைசி வரை வாசித்தால் நல்லது. இந்த இரண்டும் இல்லாத வீடு நம்மூரில் குறைவு. ஆகவே எல்லோரும் வாசியுங்கள் என்றே சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு கேள்வி. தேத்தண்ணிக்காக அடுப்பில் தண்ணீர் வைக்கிறீர்கள். நன்றாகக் கொதிக்கும்போது அடியிலிருந்து பெரிய பெரிய குமிழ்கள் பொங்கி எழும்புகின்றன. அந்தக் குமிழுக்குள் இருப்பது என்ன?

பதிலை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டில் தரம் 8, 9, 10 படிக்கும் பிள்ளையிடமும் கேளுங்கள். விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் வருகிற முதல் பதில் "காற்று, ஸேர்". கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை "ஒட்சிசன்" என்று சொல்லும். இன்னும் கெட்டிக்காரப் பிள்ளை, தண்ணீர் என்றால் ஐதரசனும் ஒட்சிசனும்தானே என்று யோசித்து, "இரண்டும் பிரிந்து வருகுது" என்று சொல்லும்.

மூன்றும் பிழை. தண்ணீர் சூடாகத் தொடங்கும்போது பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிக் குமிழ்கள், தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அது சரி. ஆனால் கொதித்துப் பொங்கும் அந்தப் பெரிய குமிழ்களுக்குள் இருப்பது தண்ணீரேதான். வாயு நிலையில் இருக்கும் தண்ணீர், அதாவது நீராவி. ஐதரசனும் ஒட்சிசனும் பிரியவே இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீர்த் துணிக்கைகள் விலகித் தூரப் போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

நம்மூர்ப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1983 இல் நியூசிலாந்தில் ஒஸ்போர்ன், கொஸ்குரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 8 வயது தொடக்கம் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இதே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். அங்கும் இதே பதில்கள் வந்தன. நன்றாக விஞ்ஞானம் படித்த பெரிய பிள்ளைகள் பலரும் ஐதரசன், ஒட்சிசன் என்றே சொன்னார்கள். ஆக இது மருதமுனையின் பிரச்சினையோ தமிழ்மொழி மூலத்தின் பிரச்சினையோ இல்லை. இந்தப் பாடம் எங்கும் படிப்பிக்கப்படும் முறையில் உள்ள பிரச்சினை.

அந்தப் பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திண்மம், திரவம், வாயு. மூன்று பெட்டிகள். முதல் பெட்டிக்குள் வட்டங்கள் அடுக்கி வைத்தது போல் நெருக்கமாக. இரண்டாவது பெட்டிக்குள் கொஞ்சம் கலைந்து. மூன்றாவது பெட்டிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. கீழே மூன்று வசனம்: "திண்மத்தில் துணிக்கைகள் நெருக்கமாக உள்ளன, திரவத்தில் ஓரளவு நெருக்கமாக உள்ளன, வாயுவில் ஐதாக உள்ளன." பிள்ளை அதை மனனம் செய்யும், கேட்டால் ஒப்புவிக்கும், புள்ளியும் கிடைக்கும்.

எங்கள் கருத்து இதுதான். அந்தப் படத்தில் துணிக்கைகள் நிற்கின்றன. உண்மையில் அவை ஒரு கணமும் நிற்பதில்லை. ஐஸ் கட்டிக்குள்ளும் அவை இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. திரவத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறுகின்றன. இப்போது நீங்கள் மூச்செடுக்கும் காற்றில் துணிக்கைகள் சராசரியாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. நெருக்கம், ஐது என்பது பாதிப் பாடம். மற்றப் பாதி அசைவு. அந்தப் பாதி விளங்காமல் போனால் குமிழும் விளங்காது, காய்கிற சாரனும் விளங்காது, சமையலறை மூலையில் இருக்கிற சிலிண்டரும் விளங்காது.

சிலிண்டரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அது உயிர் விஷயம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க கேஸ் சம்பந்தமான வெடிப்புகள். அடுப்பின் கண்ணாடி சிதறியது, குழாய் வழியே கசிந்து தீப்பிடித்தது என்று ஒவ்வொரு நாளும் செய்தி. சிலிண்டரைத் தூக்கி வெளியே முற்றத்தில் வைத்துவிட்டு விறகு வைத்துச் சமைத்த வீடுகள் எத்தனையோ. ஜனாதிபதி ஒரு நிபுணர் குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதுதான் முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது. அந்த நேரம் ஊரில் எத்தனையோ கதைகள் உலாவின. "கலவை மாறியது" என்றால் என்ன, அது மாறினால் ஏன் ஆபத்து என்று கேட்டவர்களுக்கு விளங்கும்படி பதில் கிடைத்தது குறைவு. ஆனால் அந்தப் பதில் தரம் 8 விஞ்ஞானத்திற்கு மேல் போவதில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருள்களின் கலவை. வெளியே இரண்டும் வாயு. சிலிண்டருக்குள் அமுக்கி வைத்திருப்பதால் திரவமாக இருக்கின்றன. சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் போல் சளசளக்கிறதே, அந்தத் திரவம்தான் அது. புரொப்பேனின் கொதிநிலை மறை 42 பாகை செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை மறை 0.5 பாகை, அதாவது ஐஸ் உருகும் வெப்பநிலைக்கு மிகக் கிட்ட. எந்தத் திரவத்தின் கொதிநிலை குறைவோ அதன் துணிக்கைகளுக்கு இடையே பிடி தளர்வு. அவை திரவத்தை விட்டு வெளியேறத் துடித்துக்கொண்டிருக்கும். நம்மூரின் 30 பாகை வெப்பத்தில், பியூட்டேன் மட்டும் இருந்தால் சிலிண்டருக்குள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு. புரொப்பேன் மட்டும் இருந்தால் 10 மடங்குக்கும் மேல். கலவையில் புரொப்பேன் கூடக் கூட அமுக்கம் மேலே ஏறும். வீட்டில் இருப்பதோ அதே பழைய ரெகுலேட்டர், அதே வெடித்த இறப்பர் குழாய், அதே தேய்ந்த வளையம். உள்ளே முட்டுகிற துணிக்கைகளின் வேகமும் எண்ணிக்கையும் மட்டும் கூடிவிட்டது. முன்பு கசியாத இடம் இப்போது கசியும்.

கசிந்த பிறகு நடப்பதும் துணிக்கைக் கதைதான். திரவமாக இருந்தது வாயுவாக மாறும்போது ஏறத்தாழ 250 மடங்கு இடம் பிடிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருப்பது வெளியே வந்தால் 5,000 லீற்றருக்கு மேற்பட்ட வாயு. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சமையலறை 3 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்று வையுங்கள். 22.5 கன மீற்றர், அதாவது 22,500 லீற்றர் காற்று. அந்தக் காற்றில் 100 க்கு சுமார் 2 பங்கு இந்த வாயு கலந்தாலே தீப்பிடிக்கும். 22,500 இல் 2 வீதம் 450 லீற்றர். அதற்கு சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ கசிந்தால் போதும். அதுவும் அறை முழுக்கச் சமமாகப் பரவினால்தான் அந்த 1 கிலோ. இந்த வாயுவின் துணிக்கைகள் காற்றின் துணிக்கைகளை விடப் பாரமானவை. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. காற்றோட்டம் இல்லாத அறையில் அது நிலத்தோடு படிந்து கிடக்கும். ஆகவே அதைவிடக் குறைவாகக் கசிந்தாலும் கீழே ஆபத்து இருக்கும். குழந்தை தவழ்வதும் நிலத்தில்தான், கீழ்த் தட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் இருப்பதும் நிலத்தோடுதான்.

இதை விளங்கிக்கொண்ட பிள்ளை, கேஸ் மணம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மனனம் செய்யத் தேவையில்லை. தானாகவே விளங்கும். கதவைத் திற, குறிப்பாக நிலம் வரைக்கும் திறக்கும் கதவை. ரெகுலேட்டரை மூடு. லைட் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம், மின்விசிறியைத் தொடவும் வேண்டாம், ஏனென்றால் சுவிச்சுக்குள் வரும் ஒரு பொறி போதும். கசிவு எங்கே என்று நெருப்புக்குச்சி பற்ற வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள், குமிழ் வரும் இடம்தான் கசிவு. கேஸுக்கு இயற்கையில் மணமே கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று மேர்கப்டன் என்ற பொருளைக் கலந்து விடுகிறார்கள். அந்த நாற்றம் நமக்கு ஒரு எச்சரிக்கை மணி.

இன்னொன்று. கேஸ் முடியும் தறுவாயில் சிலிண்டரைச் சாய்த்துப் போடுவது, சுடுதண்ணீர்ப் பேசினுக்குள் வைப்பது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. நேராக நிற்கும் சிலிண்டரில் வாய்க்குக் கிட்ட இருப்பது வாயு, கீழே இருப்பது திரவம். சாய்த்துப் போட்டால் திரவமே வாய்க்கு வந்து குழாய்க்குள் இறங்கலாம். அது அங்கே 250 மடங்கு விரிந்தால் அடுப்பில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் நெருப்பு ஏன் மெலிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பிடி தளர்வான புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும், மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன், அதன் அமுக்கம் குறைவு. பெரிய சமையல் நடக்கும்போது சிலிண்டரின் வெளிப்பக்கம் ஜில்லென்று வியர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் சிலிண்டர் குளிர்கிறது, வெளிக்காற்றில் உள்ள நீராவி அதில் பட்டு ஒடுங்கித் தண்ணீராகிறது. வியர்வை நிற்கும் மட்டம் வரைக்கும் உள்ளே திரவம் இருக்கிறது என்றும் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பாடம் முழுக்க அந்தச் சிலிண்டரின் மேல் எழுதியிருக்கிறது.

இப்போது சமையலறையை விட்டு ஊருக்குள் வருவோம்.

மருதமுனை என்றால் கைத்தறி. சாரன், சாரி என்று நாடு முழுக்க நம்மூர்ப் பெயரைக் கொண்டுபோனது தறிதான். சாயம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தொட்டி சூடாக இருந்தால் சாயம் நூலுக்குள் சீக்கிரம் இறங்கும் என்பார்கள். காரணத்தை வகுப்பில் இரண்டு கண்ணாடிக் கிளாஸில் காட்டலாம். ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் ஐஸ் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு கொண்டிஸ் பளிங்கு போடுங்கள், கலக்க வேண்டாம். சுடுதண்ணீர் சில நிமிடங்களில் முழுக்க ஊதா. ஐஸ் தண்ணீரில் அடியில் மட்டும் ஒரு கோடு. சூடு என்றால் துணிக்கையின் ஓட்டம் கூடுதல், அது மட்டும்தான். சாயம் நூலோடு ஒட்டி நிற்பதற்கு வேறு இரசாயனம் இருக்கிறது. ஆனால் தண்ணீரிலிருந்து நூலின் உள்ளுக்குப் போய்ச் சேர்வது இந்த ஓட்டத்தால்தான். புத்தகத்தில் இதற்குப் பெயர் பரவல்.

அடுத்தது, நனைந்த நூலும் துவைத்த சாரனும். தண்ணீர் 100 பாகையில்தான் கொதிக்கும் என்று படிப்பிக்கிறோம். அப்படியென்றால் 30 பாகையில் கொடியில் தொங்கும் சாரன் எப்படிக் காய்கிறது? பெரிய வகுப்புப் பிள்ளைகளும் தடுமாறும் கேள்வி இது. தண்ணீர்த் துணிக்கைகள் எல்லாமே ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாக, சில நடுத்தரமாக, சில மிக வேகமாக. அந்த மிக வேகமானவை மேற்பரப்பில் இருந்தால் மற்றவற்றின் பிடியை உதறிக்கொண்டு காற்றுக்குள் பாய்ந்துவிடும். கொதிப்பதற்கு முன்பே, எந்த வெப்பநிலையிலும் இது நடக்கும். வேகமானவை போனால் மிஞ்சுவது மெதுவானவை, ஆகவே துணி குளிரும். ஈரச் சாரனைக் கட்டிக்கொண்டு காற்றில் நின்றால் உடம்பு நடுங்குவதும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான்.

பிறகு ஏன் கச்சான் வீசும் காலத்தில் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற சாரன், மாரியில் இரண்டு நாளாகியும் ஈரமாகவே கிடக்கிறது? வெயில் இல்லாதது ஒரு காரணம். மற்றது, மாரிக் காற்றில் ஏற்கெனவே தண்ணீர்த் துணிக்கைகள் நிறைய. துணியிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு திரும்பி வந்து ஒட்டுகிறது. வரவும் செலவும் சமமாகிவிட்டால் காசு மிஞ்சாதது போல. கச்சான் காற்று வறண்டது. வெளியேறிய துணிக்கையைத் திரும்ப விடாமல் அள்ளிக்கொண்டு போய்விடும். பொருளியல் படித்த வாப்பாவும் தறியில் இருந்த உம்மம்மாவும் இதைச் சேர்ந்து விளங்கிக்கொள்ளலாம்.

மீன் வாடியிலும் இதே பாடம். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸைத் தூளாக்கிப் போடுகிறார்கள். கட்டியாகப் போட்டால் மீனில் படும் இடம் குறைவு. 1 கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், 1 கிலோ தண்ணீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஐஸ் 0 பாகையிலேயே நிற்கும், முழுவதும் உருகி முடியும் வரைக்கும். "சூடு உள்ளே போகுது, வெப்பமானி ஏறவில்லை, அப்போ சூடு எங்கே போகுது?" என்று கேட்டால் வகுப்பு ஒரு நிமிடம் மௌனமாகும். துணிக்கைகளைப் பிடித்து வைத்திருக்கும் கட்டைத் தளர்த்துவதற்குச் செலவாகிறது என்பது பதில். மீனைப் பழுதாகாமல் காப்பது ஐஸின் குளிர் என்று பொதுவாகச் சொல்வோம். அதைவிட, ஐஸ் உருகுவதுதான் காக்கிறது என்று சொல்வது சரி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முன் வரிசையில் ஒருவர் அத்தர் பூசி வந்தால் கொஞ்ச நேரத்தில் பின் வரிசைக்கும் மணக்கிறது. அத்தர்த் துணிக்கைகளும் செக்கனுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. அப்படியென்றால் மணம் கண் இமைக்கும் நேரத்தில் வந்திருக்க வேண்டுமே, ஏன் நேரமெடுக்கிறது? வழியில் காற்றின் துணிக்கைகள். ஒரு செக்கனில் பல நூறு கோடி முறை மோதித் திரும்பித் திரும்பி வர வேண்டியிருக்கிறது. சந்தைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. மின்விசிறி சுழன்றால் காற்றோட்டம் சுமந்து வந்து சீக்கிரம் சேர்க்கும். வாசனைத் திரவியங்கள் பற்றியும் அவற்றை வடித்தெடுக்கும் முறைகள் பற்றியும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் இருந்த அல்கிந்தி தனி நூல் எழுதியிருக்கிறார். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர் அந்த வடித்தலின் வாரிசு. ஆவியாக்கி, குளிரவைத்து, ஒடுக்கி எடுப்பது. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அந்நியம் என்று யார் சொன்னது?

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சைக்கு வருமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திற்கு நல்ல சித்தி இல்லாவிட்டால் பிள்ளையின் வழி அடைபடும் என்பது எங்களுக்குத் தெரியும். பாடவிதானத்தை முடிக்க நேரம் போதாது என்பதும், ரியூசன் குறிப்பு சுருக்கமாக இருந்தால்தான் பெற்றோருக்குத் திருப்தி என்பதும் தெரியும். ஆனால் மனனம் செய்த மூன்று வசனம் பரீட்சைக்கும் கை கொடுக்காது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பிள்ளை நின்றுவிடும். அமுக்கம், வெப்பம், கரைசல்கள், தாக்க வேகம், உயிரியலில் பிரசாரணம் என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் இந்தப் பாடம்தான். இங்கே ஒரு வாரம் கூடச் செலவழித்தால் அங்கே ஒரு மாதம் மிச்சம். உயர்தரத்தில் இரசாயனவியலைக் கண்டு பயந்து கலைப் பிரிவுக்கு மாறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் பயம் இருந்தது இந்த அத்திவாரத்தில் என்று யோசிக்க வேண்டும்.

ஆய்வுகூட வசதி இல்லை என்பது அடுத்த நியாயம். இந்தப் பாடத்திற்கு அது தேவையே இல்லை. ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிறிஞ்ச் பார்மசியில் வாங்கலாம். காற்றை இழுத்து நுனியை விரலால் பொத்தி அமுக்கச் சொல்லுங்கள், அமுங்கும், விட்டால் திரும்ப வரும். தண்ணீரை இழுத்துப் பொத்தி அமுக்கச் சொல்லுங்கள், அசையாது. ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். "காற்றில் துணிக்கைகளுக்கு இடையே இடம் இருக்கு" என்று சொல்லும். உடனே அடுத்த கேள்வி: "அந்த இடத்தில் என்ன இருக்கு?" பலர் "காற்று" என்பார்கள். காற்றின் துணிக்கைகளுக்கு இடையே காற்று! அங்கே ஒன்றுமே இல்லை, வெற்றிடம் என்று விளங்கும் அந்த நொடிதான் பாடம் உண்மையில் தொடங்கும் நேரம்.

பிள்ளை நம்ப மறுத்தால் கோபிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பச் சொல்கிறோம். 1827 இல் ரொபேட் பிரவுண் என்ற தாவரவியலாளர், தண்ணீரில் கிடந்த மகரந்தத்திலிருந்து வந்த நுண்ணிய துணுக்குகள் ஓயாமல் துள்ளுவதை நுணுக்குக்காட்டியில் கண்டார். ஏன் என்று சரியாகக் கணித்துச் சொல்ல 1905 இல் ஐன்ஸ்டைன் வரவேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் துணிக்கைகள் எல்லாப் பக்கமும் முட்டுவதால் வரும் துள்ளல் அது. அடுத்த சில வருடங்களில் பிரான்சில் ஜோன் பெரின் அதை அளந்து காட்டினார், 1926 இல் நோபல் பரிசும் பெற்றார். அதுவரை ஒஸ்வால்ட் போன்ற பெரிய இரசாயனவியலாளரே அணு என்று ஒன்று இருப்பதை ஏற்கவில்லை. அவருக்கே அவ்வளவு காலம் எடுத்ததென்றால், 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு பாடவேளைக்கு மேல் கொடுப்பது பெரிய விஷயமா?

சொற்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பிள்ளைகள் யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். நல்ல பாடங்கள், தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் அங்கே துகள் என்பது நமக்குத் துணிக்கை. அவர்களின் நீர்மம் நமக்குத் திரவம், அழுத்தம் நமக்கு அமுக்கம், ஆற்றல் நமக்குச் சக்தி. பிள்ளை இவற்றை வேறு வேறு விஷயங்கள் என்று நினைத்துக் குழம்புவதை நாங்கள் பார்க்கிறோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கடைசியாக, எங்கள் வேண்டுகோள்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்பதோடு, "இண்டைக்குப் படிச்சதில நம்மட வீட்டில எது இருக்கு மகள்?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளை உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். மற்றவருக்கு விளங்கப்படுத்த முடிந்தால் அதற்கு விளங்கியிருக்கிறது.

சக ஆசிரியர்களுக்கு: தவணைப் பரீட்சைத் தாளில் இந்த அலகுக்கு ஒரு கேள்வியாவது ஊரிலிருந்து வரட்டும். சிலிண்டர், சாயத் தொட்டி, ஐஸ் பெட்டி, கொடியில் காயும் சாரன். தாளில் வந்தால் வகுப்பில் வரும், வகுப்பில் வந்தால் ரியூசனிலும் வரும். மூன்று பெட்டிப் படத்தை வரையும்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு அம்புக்குறி போடுங்கள். திண்மத்தில் அதிரும் சின்னக் கோடு, வாயுவில் நீண்ட அம்பு. அந்த அம்புக்குறி இல்லாமல் படம் முழுமையாகாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும்: கேஸ் பாவனை பற்றி உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் ஒரு மணித்தியாலக் கருத்தரங்கு வையுங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், ஒரு போத்தல் சவர்க்காரத் தண்ணீர் போதும். விஞ்ஞான ஆசிரியர்கள் நாங்கள் ஒரு சதமும் வாங்காமல் வருவோம். பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வருவோம், அவர்களே செய்து காட்டட்டும். சபை முன் நின்று தன் உம்மாவுக்கு விளங்கப்படுத்திய பிள்ளை அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்காது.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் அந்தக் குமிழ்க் கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே கீழே எழுதுங்கள். பிழையான பதில் என்றாலும் எழுதுங்கள். பிழையான பதில்கள்தான் அடுத்த வாரப் பாடத்தை எங்கே தொடங்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டும். அப்படியே, எழுந்து போய் அடுப்புக்குப் போகும் இறப்பர் குழாயையும் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நம் வீடுகளுக்குப் பாதுகாப்பையும் தருவானாக.